தோளில் இல்லாத முந்தானை

கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை நீ சென்னையிலிருந்து பேசினாயே, அதற்கு முழுப் பதிலை நான் அன்றைக்குச் சொல்லவில்லை. சொல்ல விட்டால்தானே? பூத்தில் மீட்டர் ஓடுகிறது என்று நீ பாதிப் பேச்சை விழுங்கினாய், மீதியை நான் விழுங்கினேன். பின்னால் யாரோ காத்திருக்கிறார்கள் என்று வேறு சொன்னாய். கடிதத்துக்கு மீட்டர் கிடையாது, பின்னால் யாரும் நிற்பதும் கிடையாது. அதனால் வெள்ளைத் தாள் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். உன் அப்பா, "நீ எழுது, நான் போயிக் கவரு வாங்கிட்டு வாரேன்" என்று சைக்கிளை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். நீயும் ஒரு டம்ளர் காப்பியோடு உட்கார்ந்து படி. நீளமாகத்தான் இருக்கும். பதினெட்டு வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு வேலை செய்தவள், பேச வேண்டியதையெல்லாம் மூட்டு வலியோடு வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் பேசுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். கோயமுத்தூர் கிளைக்கு மாற்றல் வந்துவிடும் என்று நீ சொல்லியிருந்தாய். அதை நம்பித்தான் கவிதாவைப் பெண் பார்க்கப் போன அன்று உன் பெரியப்பா அவள் அப்பாவின் கையைப் பிடித்து, "பையன் கோயமுத்தூர்லயேதான் இருப்பானுங்க, அதுக்கு நான் பொறுப்புங்க" என்றார். அந்தப் பெண் நம்மிடம் கேட்டதே அது ஒன்றுதான். அம்மா இல்லாத வீடு. சிங்காநல்லூரில் அப்பா தனியாக இருப்பார், ஒரு பஸ் ஏறினால் போய்ப் பார்க்கிற தூரத்தில் இருக்க வேண்டும், பீளமேட்டுக் கல்லூரியில் பாடம் எடுக்கிற வேலையையும் விட மாட்டேன் என்று முகத்துக்கு நேராகச் சொன்னாள். நாம் எல்லோரும் தலையை ஆட்டிவிட்டுக் கேசரி சாப்பிட்டோம். இப்போது உன் கம்பெனி உன்னை மூன்று வருஷத்துக்கு நாக்பூர் போகச் சொல்லிவிட்டது. அது உன் தப்பில்லை. அடுத்து நீ சொன்னாய் பார், "கல்யாணம் முடியட்டும்மா, அப்பறம் மெதுவாச் சொல்லிக்கலாம், இப்பச் சொன்னா வீணாக் கொழப்பம்" என்று, அது தப்பு. அதற்கு நான் "செரி கண்ணு" என்றேனே, அது அதைவிடப் பெரிய தப்பு.

எவ்வளவு பெரிய தப்பு என்று செவ்வாய்க்கிழமைதான் எனக்கு உறைத்தது. கவிதா ரவிக்கை அளவு கொடுக்க மொபெட்டில் வந்தாள். தையல்காரம்மா வரும்வரை என்னோடு சமையலறையில் நின்று பீன்ஸ் நறுக்கினாள். நறுக்கிக்கொண்டே, "அத்தை, பீளமேட்டுப் பக்கமா ஊடு பாக்கலாமுங்களா? காலேஜுக்கு நடந்தே போயிருவேன். அப்பாவையும் சாயங்காலம் போயிப் பாத்துட்டு வந்தர்லாம்" என்றாள். நான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு, "பாக்கலாம் கண்ணு" என்றேன். என் வாய் கூசியது. அவள் சந்தோஷமாக இரண்டு வாய் அதிகமாகவே சாப்பிட்டுவிட்டுப் போனாள். நான் அன்று சாப்பிடவில்லை. உன் அப்பா, "பீன்ஸ் நல்லாத்தானே இருக்குது" என்றார். அவரிடம் அப்போதுதான் நாக்பூரைச் சொன்னேன்.

உனக்குப் புத்தி சொல்ல எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று இரண்டு நாள் யோசித்தேன். இருக்கிறது என்றுதான் தோன்றுகிறது, ஏனென்றால் இதே காரியத்தை நானும் ஒருமுறை செய்திருக்கிறேன். உன் பெரியப்பாவுக்கு ஹெர்னியா ஆபரேஷன் நடந்தது உனக்குத் தெரியும். நீ அப்போது கல்லூரி முதல் வருஷம், பரீட்சை என்று விடுதியிலேயே இருந்தாய். ஆபரேஷன் நல்லபடியாக நடந்தது, அம்மாவும் கூட இருந்தாள் என்று மட்டும் உனக்குச் சொன்னோம். நடுவில் நடந்ததை நான் உனக்குச் சொல்லவில்லை. உன் பெரியப்பா ஊரெல்லாம் சொல்லிவிட்டார், உன்னிடம் மட்டும் அதை நான்தான் சொல்ல வேண்டும் என்று விட்டுவைத்தார். இத்தனை வருஷம் வெட்கத்தில் தள்ளிப்போட்டேன்.

அதைச் சொல்வதற்கு முன் என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நம் வீட்டில் சட்டைகள் எல்லாம் உள்பக்கம் வெளியே தெரிகிற மாதிரிதான் மடித்திருக்கும், நினைவிருக்கிறதா? உன் அப்பா தினமும் காலையில் சட்டையை உதறிப் புரட்டிக்கொண்டே, "இந்த ஊட்ல ஒரு சட்டையாச்சும் நேரா இருக்குதா" என்று சத்தம் போடுவார். ஒருநாள் அவசரத்தில் புரட்டாமலே போட்டுக்கொண்டு பட்டறைக்குப் போய், மத்தியானம் வரை யாரும் சொல்லவில்லையாம். அது தியேட்டர் பழக்கம். ஆபரேஷனுக்குப் போட்டுக்கொள்ளும் பச்சைக் கவுனை அப்படித்தான் மடித்து, வட்டமான ஸ்டீல் டிரம்மில் வைத்து நீராவியில் வேகவைப்போம். எடுத்துப் போடும்போது நம் கை கவுனின் உள்பக்கத்தை மட்டும்தான் தொட வேண்டும். வெளிப்பக்கத்தை வெறுங்கை தொட்டால் அந்தக் கவுன் போச்சு.

போட்டுக்கொண்ட பிறகும் கவுன் முழுக்கச் சுத்தம் என்று நினைத்துவிடாதே. முன்பக்கம் மார்பிலிருந்து இடுப்புவரை, கைகளில் முழங்கைக்குச் சற்று மேல்வரை, அவ்வளவுதான். தோள், கழுத்தோரம், அக்குள், முதுகு எல்லாம் அசுத்தம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். முதுகில் நாடாவைக் கட்டிவிடுகிறவருக்குக் கையுறை கிடையாது, நம் முதுகு எதில் உரசியது என்று நமக்கும் தெரியாது. கையை இடுப்புக்குக் கீழே தொங்கவிடக் கூடாது. கவுன் போட்ட இரண்டு பேர் ஒருவரை ஒருவர் தாண்டிப் போனால் முதுகும் முதுகுமாகத் திரும்பிக்கொண்டு போக வேண்டும். புதிதாக வேலைக்குச் சேர்ந்தபோது எனக்குச் சிரிப்புத் தாங்காது, எல்லோரும் சண்டை போட்டுக்கொண்ட சம்பந்திகள் மாதிரி முதுகைக் காட்டிக்கொண்டு போகிறார்களே என்று. இதற்கெல்லாம் மேலே ஒரு சட்டம் உண்டு. பட்டதா படவில்லையா என்று சந்தேகம் வந்தால் பட்டது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். யாரும் பார்க்காவிட்டாலும் நாமே வாயைத் திறந்து சொல்ல வேண்டும்.

இனி உன் பெரியப்பாவுக்கும் எனக்கும் இருந்த மரியாதையைப் பற்றி. அது உனக்கு நன்றாகவே தெரியும், இடையில் தபால்காரன் வேலை பார்த்ததே நீதான். கல்யாணமாகி இருபது வருஷமாகியும் நான் அவர் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. கணவனின் அண்ணனோடு நேருக்கு நேர் பேசுவது நம் வீட்டில் வழக்கமில்லை. அன்னூரிலிருந்து அவர் வந்து வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டாலே என் வலது கை தானாக முதுகுப் பக்கம் போய் முந்தானையை இழுத்துத் தோளை மூடிவிடும், கால் தானாகச் சமையலறைக் கதவுக்குப் பின்னால் போய்விடும். அவர் கூடத்தில் உட்கார்ந்து, "கண்ணு, காப்பிக்குச் சக்கரை கம்மியாப் போடச் சொல்லு" என்பார். ஆறடி தூரத்தில் எனக்குத் தெளிவாகக் கேட்கும். இருந்தாலும் நீ வந்து அதைச் சொல்லும்வரை நான் காத்திருப்பேன். "பெரியப்பாவ இருந்து சாப்புட்டுட்டுப் போகச் சொல்லு கண்ணு" என்று நான் கதவுக்குப் பின்னாலிருந்து சொல்வேன், அவரும் நீ போய்ச் சொல்லும்வரை காத்திருப்பார். ஒரு தடவை நீ, "பெரியப்பா மைசூர்பாக்கு கேட்டாரும்மா" என்று சொல்லி இரண்டு துண்டு வாங்கிக்கொண்டு போய் மாட்டுக்கொட்டகையில் உட்கார்ந்து தின்றாய். எனக்கு அன்றே தெரியும்.

நான் வேலைக்குப் போனது அவருக்குப் பிடிக்கவில்லை. உன் அப்பாவின் மில் மூடிக்கிடந்த வருஷம் அது. நான் கல்யாணத்துக்கு முன்பே நர்சு படிப்பு முடித்திருந்தேன், ஆஸ்பத்திரியில் ஆள் கேட்டார்கள், போய்ச் சேர்ந்தேன். "நம்ம ஊட்டுப் பொம்பளை கண்ட ஆம்பளை ஒடம்பையும் தொட்டுட்டு நிக்கறதா" என்று உன் அப்பாவிடம் கோபித்துக்கொண்டு ஒரு வருஷம் நம் வீட்டுப் பக்கம் வரவில்லை. பிறகு வந்தார், ஆனால் என் வேலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. அப்படிப்பட்ட மனுஷருக்கு அடிவயிற்றுக்குக் கீழே ஹெர்னியா வந்தது. மூன்று வருஷம் யாரிடமும் சொல்லாமல் வேட்டிக்குள் துண்டை மடித்து இறுகக் கட்டிக்கொண்டு தோட்டத்து வேலையைப் பார்த்திருக்கிறார். வலி தாங்காமல் ஒருநாள் வரப்பில் உட்கார்ந்துவிட்ட பிறகுதான் உன் அப்பாவிடம் சொன்னார். எங்கள் ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமை ஆபரேஷன் என்று முடிவானது. அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டார். "அம்மணி அன்னிக்கு லீவு போட்டுரோணும்."

போட்டேன். எனக்கும் அதுதான் நிம்மதி. ஆனால் அன்று காலையில் வேலைக்கு வர வேண்டிய சிஸ்டருக்கு அம்மை போட்டுவிட்டது. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு ஆள் வந்துவிட்டது. அன்றைக்கு இரண்டு ஆபரேஷன், டாக்டர் கையில் கருவிகளை எடுத்துக் கொடுக்க வேறு ஆள் இல்லை. போகும் வழியெல்லாம் நான் ஒரு திட்டம் போட்டேன். தொப்பி, முகத்துணி, கவுன் எல்லாம் போட்டால் கண் மட்டும்தான் தெரியும். உன் பெரியப்பா இருபது வருஷத்தில் என் கண்ணைப் பார்த்ததே இல்லை. இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போடுவார்கள், விழித்துக்கொண்டுதான் இருப்பார், ஆனால் நெஞ்சுக்குக் குறுக்கே துணித் திரை கட்டிவிடுவார்கள். நான் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். தியேட்டரில் வெளிவேலை பார்க்கும் ஸ்டெல்லாவிடம் என் பெயரைச் சொல்லிக் கூப்பிடாதே என்று மட்டும் சொன்னேன். டாக்டரிடம், வருகிறவர் என் சொந்தம் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அவர் வேறு ஏற்பாடு செய்திருப்பார். என் முதல் தப்பு அது.

கையைத் தேய்த்துக் கழுவி, கவுன் போட்டு, கையுறை மாட்டி, கருவித் தட்டுக்குப் பக்கத்தில் நின்றேன். அவரைத் தள்ளுவண்டியில் கொண்டுவந்து மேசையில் மாற்றினார்கள். முதுகில் ஊசி போட்டார்கள், கால் மரத்துவிட்டது. நான் வாயைத் திறக்கவில்லை, எல்லாம் தலையசைப்புத்தான். திரை இன்னும் கட்டவில்லை. அப்போது ஸ்டெல்லா மேலே இருக்கும் பெரிய விளக்கைத் தப்பான பக்கம் திருப்பிவிட்டாள். நான் கண்ணால் காட்டினேன், அவளுக்குப் புரியவில்லை. தலையால் காட்டினேன், அவள் என்னையே திருதிருவென்று பார்த்தாள். பதினோரு வருஷப் பழக்கம், வாய் தானாகத் திறந்துவிட்டது. "லைட்டக் கொஞ்சம் எறக்குங்க" என்றேன். அவ்வளவுதான். மேசையிலிருந்து தலை திரும்பியது. என் முகம் அவருக்குத் தெரியாது, ஆனால் கதவுக்குப் பின்னாலிருந்து இருபது வருஷம் கேட்ட குரல் தெரியும். "நம்ம அம்மணிங்களா அது?" என்றார்.

அந்த நொடியில் என் வலது கை என்னைக் கேட்காமல் எழுந்து, இடது தோளைத் தாண்டி முதுகுப் பக்கம் போனது, முந்தானையை இழுக்க. அங்கே ஏது முந்தானை? உள்ளே தியேட்டர் சட்டை, மேலே கவுன். கை அசுத்தமான இடத்தில் பட்டுத் தடவிவிட்டு வெறுமனே திரும்பி வந்தது. ஸ்டெல்லா விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தாள். டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு திரும்பி நின்றார். உன் பெரியப்பா அதற்குள் வெட்கத்தில் கண்ணை மூடிக்கொண்டார். ஒருவரும் பார்க்கவில்லை கண்ணு. எனக்கு மட்டும்தான் தெரியும்.

அப்போதே சொல்லியிருந்தால் ஒரு ஜோடி கையுறையும் ஒரு கவுனும் மாற்றுவதோடு போயிருக்கும், ஐந்து நிமிஷ வேலை. நான் சொல்லவில்லை. சொன்னால் எதற்குத் தோளைத் தொட்டாய் என்று டாக்டர் கேட்பார், வேட்டி அவிழ்த்துப் படுத்திருக்கிற மூத்தவர் முன்னால் நான் என்ன பதில் சொல்வது? லேசாகத்தான் பட்டது, துணிக்கு அந்தப் பக்கமும் துணிதானே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். அதற்குள் டாக்டர் கவுன் போட்டு வந்து கையை நீட்டினார். அந்தக் கையாலேயே உடம்பின் மேல் விரிக்கும் மூடுதுணிகளை எடுத்துக் கொடுத்தேன். கிளிப்புகளைக் கொடுத்தேன். தட்டில் கருவிகளை வரிசைப்படுத்தினேன். திரை கட்டியாகிவிட்டது, அடிவயிற்றில் மருந்து தடவியாகிவிட்டது. ஒவ்வொன்றைத் தொடும்போதும் அது கெட்டது, அது கெட்டது என்று எனக்கு உள்ளே கேட்டுக்கொண்டே இருந்தது. டாக்டர், "கத்தி" என்றார். கத்தி என் கையில்தான் இருந்தது. கொடுக்க முடியவில்லை.

அந்த வெட்டுக்குள் சீழ் வைத்தால் தையல் பிரியும், மாதக்கணக்கில் படுக்கையில் கிடப்பார், அதற்கு மேலும் என்னென்னவோ ஆகலாம். நான் பார்த்திருக்கிறேன். "சார், என் கை தோள்ல பட்டுருச்சுங்க" என்றேன். டாக்டர், "எப்ப?" என்றார். "துணி கொடுக்கறதுக்கு முன்னாடிங்க." அவர் கையை மேலே தூக்கிக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். நல்ல மனுஷர், ஆனால் கோபம் வந்தால் சத்தம் வராந்தா வரை கேட்கும். "முன்னாடியேன்னா அப்பவே சொல்றதுக்கு என்னம்மா? இப்ப மொத்த டிராலியும் போச்சே! எதுக்குத் தோளைத் தொட்டீங்க?" என்றார். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, துடைக்கவும் முடியாது. "அவரு என்ற ஊட்டுக்காரரோட அண்ணனுங்க. பேச்சுக் கொடுத்தாருங்க. முந்தானைய இழுத்துப் போடலாம்னு கை போயிருச்சுங்க" என்றேன். ஸ்டெல்லா முகத்துணிக்குள் சிரிப்பை அடக்க முடியாமல் மூலைக்குப் போய்விட்டாள்.

திரைக்கு அந்தப் பக்கமிருந்து உன் பெரியப்பாவின் குரல் வந்தது. "ஏனுங் டாக்டரே, அந்த அம்மணியத் திட்டாதீங்க. மாத்தோணும்னா மாத்திப்போட்டு வரட்டும். நான் எங்கீங்க போயிரப் போறேன், காலுதான் ரெண்டும் வரமாட்டேங்குதே." டாக்டரே சிரித்துவிட்டார். சிரித்தாலும் வேலை குறையவில்லை. எல்லாத் துணியையும் எடுத்து எறிந்துவிட்டு, கருவிகளையும் மாற்றி, இரண்டாவது ஆபரேஷனுக்கு வைத்திருந்த டிரம்மைத் திறந்து மறுபடி முதலிலிருந்து தொடங்கினோம். ஊசியின் மரப்பு விடுவதற்குள் முடிக்க வேண்டும் என்று டாக்டர் வேகமாகச் செய்தார். கடைசித் தையல் போடும்போது உன் பெரியப்பா, "கட்டவெரல் ஆடற மாதிரி இருக்குதுங்க" என்றார். அவ்வளவு நெருக்கத்தில் முடித்தோம். அடுத்த ஆபரேஷனுக்கு இருந்த அம்மாள் வெறும் வயிற்றோடு சாயங்காலம் வரை காத்திருந்தார், புது டிரம் வெந்து ஆறும்வரை. என்னால்தான் இந்தத் தாமதம் என்று அவர் மகளிடம் நானே போய்ச் சொன்னேன். அந்தப் பெண் என்னை முறைத்தது. முறைக்கட்டும் என்று நின்றேன்.

புண் நன்றாக ஆறியது. எட்டாம் நாள் தையல் பிரித்தபோது ஒரு சொட்டு நீர்கூட இல்லை. அன்னூருக்குப் போனதும் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் உன் பெரியப்பா வேட்டி மடிப்பைத் தட்டிக்கொண்டே கதை சொன்னாராம். "டாக்டருக்குத் தெரியாது, எனக்குத் தெரியாது, தெய்வத்துக்கு அடுத்தாப்பல அம்மணிக்கு மட்டுந்தான் தெரியும். சொல்லாம இருந்திருந்தா ஆரு கேக்கப் போறாங்க? அழுதுட்டே சொல்லுச்சு பாரு. இனி என்ற ஒடம்புக்கு என்ன வந்தாலும் அந்த அம்மணி இருக்கற ஆஸ்பத்திரிக்குத்தான் போவேன்" என்று. ஒரு வருஷம் நம் வாசல் மிதிக்காதவர் சொன்னது இது. அடுத்த மாரியம்மன் நோம்பிக்கு அன்னூர் போனபோது, நான் வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால் நின்றேன். நீ அங்கே இல்லை. அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நேராகவே, "அம்மணி, காப்பி கொடுங்க. சக்கரை கம்மியா" என்றார். எனக்கு எவ்வளவு பெருமையாக இருந்தது என்று எழுதத் தெரியவில்லை. அந்தச் சந்தோஷத்தில் சர்க்கரையை அள்ளிப் போட்டுவிட்டேன், அவர் ஒரு சொட்டு விடாமல் குடித்தார்.

ஆனால் கண்ணு, அவர் சொல்கிற கதையில் நான் நல்லவள். எனக்குத் தெரிந்த கதையில், மூடுதுணி கொடுப்பதற்கு முன் வாயை மூடிக்கொண்டு நின்ற ஒரு சில நிமிஷங்கள் இருக்கின்றன. பயத்தைவிட அதில் மரியாதைதான் அதிகம், அதுதான் வேடிக்கை. நம் ஊரில் யாரையும் சங்கடப்படுத்தக் கூடாது என்று வளர்க்கிறார்கள். அந்த மரியாதையே சில சமயம் நம் வாயைக் கட்டிவிடுகிறது. நீயும் கவிதாவை ஏமாற்ற நினைக்கவில்லை, அது எனக்குத் தெரியும். அவள் முகம் வாடுவதைப் பார்க்க உனக்கு மனசில்லை. எனக்கும் மனசில்லாமல்தான் அடுப்பைப் பார்த்துக்கொண்டு "பாக்கலாம்" என்றேன். ஆனால் பார், ஞாயிற்றுக்கிழமை அது உனக்கும் கம்பெனிக்கும் மட்டும் தெரிந்த சமாசாரம். இன்றைக்கு நானும் பொய் சொல்லியாயிற்று, உன் அப்பாவும் மென்று முழுங்கிக்கொண்டிருக்கிறார். அடுத்த வாரம் பெரியப்பா அவள் அப்பாவோடு மண்டபம் பார்க்கப் போவார், தான் சொன்ன வாக்கு நிஜம் என்று நினைத்துக்கொண்டே. நாள் ஆக ஆக ஒவ்வொருவர் கையாகக் கெடும். தாலி கட்டிய பிறகு சொன்னால் அவளுக்கு மாற்றிக்கொள்ள எதுவும் மிச்சமிருக்காது.

இப்போது சொன்னால் அவள் என்ன செய்வாள் என்று நீ நினைத்துப் பார்த்தாயா? அழலாம். திட்டலாம். மூன்று வருஷம் நீ அங்கே இருந்து வா, நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லலாம். அப்பாவையும் கூட்டிக்கொண்டு நாக்பூர் வருகிறேன், அங்கே ஆரஞ்சு நன்றாக இருக்குமாமே என்றும் சொல்லலாம், அவளை நம்பவே முடியாது. கல்யாணத்தைத் தள்ளி வைக்கலாம் என்று சொல்லலாம். வேண்டாம் என்றே சொல்லலாம். எதுவாக இருந்தாலும் அது அவள் யோசித்துச் சொல்கிற பதிலாக இருக்கும். மறைத்தால் நாம் அவளுக்காக யோசித்து முடித்துவிட்டோம் என்று ஆகிறது. வேண்டாம் என்று சொல்லிவிட்டால் எனக்கு மிகவும் வருத்தமாக இருக்கும், அந்தப் பெண் மேல் எனக்கு ஆசை வந்துவிட்டது. பீன்ஸை எவ்வளவு பொடியாக நறுக்குகிறாள் தெரியுமா? பெரியப்பாவிடம் நானே போய்ச் சொல்கிறேன், அந்தக் கவலை உனக்கு வேண்டாம். இப்போதெல்லாம் எனக்கு இடையில் தபால்காரன் தேவையில்லை.

செவ்வாய்க்கிழமை நான் சொன்ன பொய்க்குக் கவிதாவிடம் நான் தனியாக மன்னிப்புக் கேட்பேன். ஆனால் நீ சொன்ன பிறகுதான் கேட்க முடியும். உன் வாயால் அவள் கேட்க வேண்டியதை என் வாயால் கேட்டால், அவளுக்கு அது இரண்டு மடங்கு வலிக்கும்.

இன்று காலையில் அச்சகத்துக்காரர் கல்யாணப் பத்திரிகையின் மாதிரியைக் கொண்டுவந்தார். மஞ்சள் அட்டை, ஓரத்தில் மாங்காய் வடிவம், நீ கேட்ட மாதிரியே. "பேரெல்லாம் செரி பாத்துக் கொடுத்தீங்கன்னா சாயங்காலமே ஓட்டிப்போடலாமுங்க" என்றார். உன் பெயருக்குக் கீழே அவள் பெயர். எத்தனை தடவை தடவிப் பார்த்தேன் என்று எனக்கே தெரியாது. பிறகு, "இப்ப ஓட்டாதீங்க. நான் சொல்றவரைக்கும் நிறுத்தி வையுங்க" என்றேன். ஏதாவது தப்பு இருக்கிறதா என்று கேட்டார். "எழுத்துல இல்லீங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டேன். உன் அப்பா பக்கத்தில்தான் நின்றார். அச்சகத்துக்காரர் போனதும் என்னிடம், "செரி, அவனுக்கு எழுது" என்றார்.

இது உனக்குச் சனிக்கிழமை கிடைத்துவிடும். ஞாயிற்றுக்கிழமை அவளுக்குக் கல்லூரி இல்லை, காலையில் வீட்டில்தான் இருப்பாள். இரவு ரயில் ஏறி நேரிலேயே வந்து சொன்னால் இன்னும் நல்லது, நானே ஸ்டேஷனுக்கு வருகிறேன். பயமாக இருந்தால் பயத்தோடேயே சொல். அந்தப் பத்திரிகை அச்சாகி வர வேண்டும் என்று இந்த ஊரில் என்னைவிட ஆசைப்படுகிறவர் யாரும் இல்லை. ஆனாலும் அவளுக்குத் தெரியாமல் ஒரு பிரதிகூட அச்சாகாது கண்ணு.

முதலில் அவளிடம் சொல். எனக்கு அப்புறம் சொன்னால் போதும்.

அம்மா